கண்ணாக்கரைச் சிரமதானம்

மரம் நடுவதைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் ஒரு நாளாவது முழங்கால் அளவு சேற்றுக் களியில் நின்று பார்க்க வேண்டும். களிக்குள் கால் இறங்குவது லேசு. வெளியே எடுப்பதுதான் பாடு. காலை இழுத்தெடுத்தால் செருப்பு உள்ளே நின்றுவிடும். செருப்பைத் தேடிக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் அந்தக் களியில் பல வருடம் நின்றிருக்கிறேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கிறது. வாவி என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். களுவாஞ்சிக்குடிக்குப் போகிற வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே ஆறு. ஆற்றோரம் முழுக்க ஒரு காலத்தில் கண்ணா மரம் அடர்ந்து நின்றது. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் வளர்கிற மரம். அதன் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வேர்களுக்குள் இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளரும். அதனால் அந்த இடத்துக்குக் கண்ணாக்கரை என்றே பெயர். என் இளமையிலேயே அந்தப் பெயர் பொய்யாகிவிட்டது.

கண்ணாவை நாங்கள்தான் வெட்டினோம். சண்டைக் காலத்தில் ஆற்றங்கரையில் ஏதாவது நடந்தால் மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒருவர் கத்தியோடு வரவேண்டும் என்று இராணுவ முகாமிலிருந்து உத்தரவு வரும். பற்றைப் புதருக்குள் ஆள் நின்றால் வீதியிலிருந்து தெரியவேண்டும், அவ்வளவுதான் விஷயம். நாங்களும் போவோம், வெட்டுவோம், குவிப்போம், எரிப்போம். பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றாலும் அதே வேலைதான். வெட்டி முடித்தபின் கரை மொட்டைத் தலை மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. சுனாமி வந்த பிறகு எங்கள் கடை நிவாரணக் களஞ்சியமாக மாறியது. வரிசை, வரிசை, வரிசை. அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம். ஒவ்வொரு பைக்கும் ஒரு முகம். அந்த முகம் யாரைப் பறிகொடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு நாள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து, கரையோரத்தில் மரம் நட ஆள் வேண்டும் என்றார்கள். நான் உடனே கை தூக்கினேன். மரத்தின் மேல் அன்பு வந்து தூக்கிய கை என்று யாரும் நினைக்கவேண்டாம். தராசு இல்லாத ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அந்த முதல் நடுகையைப் பற்றி என்ன சொல்ல. எல்லாருக்கும் தொப்பி, ரீ சேட், தண்ணீர்ப் போத்தல். கடல் பக்கத்து வெறும் மணலில், அலை வந்து விழுகிற இடத்தில், கொண்டுவந்த கன்றுகளை வரிசையாக ஊன்றச் சொன்னார்கள். ஊன்றினோம். படம் பிடித்தார்கள். கிழமை திரும்புவதற்குள் கடல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. தொப்பி மட்டும் நன்றாக உழைத்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

அந்த நடுகையில்தான் மச்சாள் எனக்குப் பழக்கமானாள். சொந்த மச்சாள் இல்லை. தாய்வழியில் அவள் வேறு குடி, நான் வேறு குடி, அந்த முறையில் எனக்கு அவளும் அவளுக்கு நானும் மச்சாள். கடற்கரைப் பக்கத்தில் இருந்தவள். புருசனையும் வள்ளத்தையும் வலையையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கடலின் பக்கம் முகம் திருப்பவில்லை. அன்றைக்கும் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் கன்று ஊன்றினாள்.

ஆற்றுப் பக்கம் வந்து குடிசை போட்டு, இறால் தடவிப் பிழைக்கத் தொடங்கினாள். தடவுவது என்றால் வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, அகப்படுகிற இறாலைப் பிடித்து இடுப்பில் கட்டிய பறிக்குள் போடவேண்டும். மொட்டைக் கரையில் இறால் நிற்காது. அவள் விடியப் போய் வெயில் ஏற வருவாள், பறி பாதியும் நிறைந்திருக்காது.

"மச்சாள், கண்ணா இரிந்தா இறால் வரும்தானே?" என்று ஒரு நாள் கடைக்கு வந்து கேட்டாள்.

"வரும். ஆனா கண்ணா வாறதுக்குள்ள நீயும் நானும் கிழவியாயிருவம்."

"மறுகா என்ன, கிழவி இறால் தின்னமாட்டாளா?"

அப்படித்தான் தொடங்கியது. மாரியில் தண்ணீரில் மிதந்து வருகிற கண்ணா விதைகளைப் பொறுக்குவோம். கடையில் வெறுமையாகிற பால்மாப் பைக்கட்டுகளை நான் சேர்த்துக்கொண்டுவருவேன். அதில் களியை நிரப்பிக் கன்று போட்டு, வேர் பிடித்ததும் கரையில் நடுவோம். முதலில் நாங்கள் இரண்டு பேர், பிறகு ஊரில் ஏழெட்டுப் பெண்கள். அந்தக் கன்றுகள் ஒரு சாண் வளர்ந்த நேரம் ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. வவுணதீவுப் பக்கத்துச் சனங்கள் ஷெல்லுக்குப் பயந்து ஆற்றைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். கூடாரம் கூடாரமாக இருந்தார்கள். அடுப்புக்கு விறகு வேண்டும். மாடுகளைக் கூட்டிவந்தவர்களின் மாடுகளுக்கு இலை வேண்டும். வேலியாக நாங்கள் நட்டிருந்த தடி முதலில் போனது, பிறகு கன்றுகள் போயின. யாரோடு போய்ச் சண்டை பிடிக்க? அந்தச் சனங்களுக்கும் அரிசி நிறுத்துக் கொடுத்தது நான்தான்.

அப்போதே விட்டிருக்கலாம். எனக்கு விடத்தான் மனம். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் கால் இரண்டும் மரக்கட்டை. ஆனால் மச்சாள் வாசலில் வந்து நிற்பாள். வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பாள். அவளை நிற்கவைக்கிற வெட்கத்துக்காகவே நான் எழும்பிப் போவேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அடுத்த மாரியில் மறுபடி விதை பொறுக்கினோம். இந்த முறை பழைய வலைகளை வாங்கி மாடு புகாமல் சுற்றிக் கட்டினோம். கண்ணாவோடு, அதே சேற்றில் வளர்கிற இன்னொரு மரமான கண்டலும் கொஞ்சம் நட்டோம். ஆற்று வெள்ளம் ஒரு பங்கைத் தின்றது, நண்டு ஒரு பங்கைத் தின்றது. செத்த இடத்தில் திரும்ப நட்டோம். சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு. இருந்தாலும் வருடம் போகப் போக, ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் கன்றுகள் என் நெஞ்சளவுக்கு நின்றன. மச்சாளின் பறி நிறையத் தொடங்கியது. சந்தைக்குக் கொண்டுபோகாமல் எனக்கென்று ஒரு சுண்டுப் பேணி நிறைய இறாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கிழவி, தின்" என்றாள். அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். அதை மறைக்கவேண்டியதில்லை.

சந்தோசம் நீடிக்கவில்லை. கண்ணாக்கரையில் பூங்கா கட்டப்போகிறார்கள் என்று கதை வந்தது. கரைக்குச் சீமெந்து, மேலே புல், தண்ணீரில் அன்னம் மாதிரிப் படகு. சனம் காற்று வாங்க வருமாம். மச்சாள் எங்கே இறங்குவாள் என்று நான் விசாரித்தபோது, வேறு இடம் பார்க்கட்டும் என்றார்கள். அவளுக்கு வேறு இடம் எது? கடல் இருக்கிறது. அதற்குள் அவள் இறங்கமாட்டாள்.

ஒரு வழி இருந்தது. சேற்று மரக் காட்டை அரசாங்கம் கண்டல் காடு என்றுதான் சொல்லும்; அந்தக் கரை அப்படி ஒன்று என்று வன அதிகாரி வந்து பார்த்து எழுதிவிட்டால் பிறகு யாரும் அதில் கை வைக்க முடியாது. பல தடவை அலைந்து, பல அலுவலகக் கதிரைகளுக்கு முன்னால் நின்று, கடைசியில் ஒருவர் வருவதாகச் சொன்னார். அவர் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்கும்போது மரம் நிற்கவேண்டும். வேறொன்றும் தேவையில்லை. கைகூடும் முன்னம் ஆசை காட்டக்கூடாது என்று மச்சாளுக்கு இதை நான் சொல்லவில்லை.

அவர் வருவதற்கு முதல் நாள் நான் களுவாஞ்சிக்குடிக்குக் கடைக்குச் சாமான் எடுக்கப் போகவேண்டியிருந்தது. போகும் வழியில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம் சொன்னேன். "நாளைக்கு ஐயா வாறார். சனத்தைக் கூப்பிட்டு, கரையில ஒதுங்கின பொலித்தீனையும் போத்தலையும் பொறுக்கி, வேலியைக் கொஞ்சம் இறுக்கிவைக்கச் சொல்லுங்க." தலைவர் தங்கமான மனுசன். மைக் கையில் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் அரசாங்கமாகிவிடுவார். "நீங்க யோசிக்காமப் போங்க, நான் பாத்துக்கொள்றன்" என்றார்.

கோயில் ஒலிபெருக்கியில் அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு பலர் எனக்குச் சொல்லிக்காட்டினார்கள். ஊர் கூடிச் சும்மா வேலை செய்வதற்கு எங்களிடம் இருக்கிற சொல் ஒன்றுதான். அதை அவர் சொன்னார். "பொதுமக்கள் கவனத்திற்கு. நாளைய தினம் உயர் அதிகாரி ஒருவர் கண்ணாக்கரைக்கு வருகை தருவதை முன்னிட்டு இன்று காலை அங்கு மாபெரும் சிரமதானம். வீட்டுக்கு ஒருவர் கத்தி, மண்வெட்டி சகிதம் சமுகமளிக்கவும்."

கத்தியும் மண்வெட்டியும் அந்த அறிவித்தலின் வால். எத்தனை வருடமாக அந்த வால் ஆடுகிறது. சிரமதானம் என்று சொன்னால் வாய் தானாக அதையும் சொல்லும். சனமும் கேட்டதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி வருகிறார், கரையில் பற்றை நிற்கிறது. வேறு என்ன செய்வார்கள்?

நான் மத்தியானம் பஸ்ஸால் இறங்கியபோதே பச்சை மரம் புகைகிற மணம் வந்தது. ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனேன். கண்ணாக்கரை மொட்டையாக இருந்தது. வெட்டிய கொப்புகளைக் குவித்து நெருப்பு வைத்திருந்தார்கள். பச்சைக் கண்ணா எரியவில்லை, புகைந்தது. வீதியோர மரத்தடியில் குடிக்கப் பிளேன்ரீயும் தின்னப் பணிசும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தியோடு முதல் ஆளாக நின்றது மச்சாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"பாருங்க மச்சாள்! நீங்க வந்து கஷ்டப்படக் கூடாதெண்டு நாங்களே துப்பரவாக்கிப் போட்டம். இப்ப ஐயா வந்தா ஆறு வடிவாத் தெரியும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பெரிய களைப்பு ஒன்று காலில் தொடங்கி மேலே ஏறியது. அரிசி நிறுத்த களைப்பு, வரிசையைப் பார்த்த களைப்பு, விதை பொறுக்கிய களைப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. அப்படியே கரையில் குந்தினேன். தலைவர் ஒரு பணிசை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"மச்சாள்," என்றேன், "ஐயா பாக்க வாறது ஆத்தையில்ல. இந்த மரத்தை."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. குவியலைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். இதே கன்றுகளுக்கு அவள் தோளில் களி சுமந்தவள். ஒலிபெருக்கி கேட்டதும், அதிகாரி என்ற சொல் விழுந்ததும், அவள் கை பழைய கையாகிவிட்டது. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் களைப்பு குறையவில்லை.

"இப்ப என்ன செய்யிற மச்சாள்?"

"என்னத்தைச் செய்ய? வெட்டினதைக் கொண்டுபோய்த் திரும்ப ஒட்டு" என்றேன். எரிச்சலில் வந்த சொல். அதில் ஒரு அர்த்தமும் இல்லை.

அவள் கத்தியைக் கீழே போட்டாள். குவியலிலிருந்து ஒரு கொப்பை உருவி எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களிக்குள் இறங்கி, வெட்டிய குற்றிக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பைக் குத்தி, காலால் மிதித்து இறுக்கினாள். அது நின்றது. அடுத்ததை எடுக்கக் கிறுகித் திரும்பி வந்தாள். தலைவர்தான் முதலில் பணிசை வைத்துவிட்டு எழும்பினார். மைக் இல்லாததால் வெறும் வாயால், "எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். பொழுதுபடும் வரை ஊர் முழுக்கக் களிக்குள் நின்று, காலையில் வெட்டியதைப் பின்னேரம் குத்தியது. நெருப்புப் பட்ட கொப்புகளைப் பின்னுக்கும் பச்சையானவற்றை முன்னுக்கும் வைத்தோம். பேய்க்கூத்து என்றால் அதுதான். எனக்கு நடுவில் சிரிப்புக்கூட வந்தது.

அதிகாரி காலையிலேயே வந்தார். சிங்களவர், தமிழ் தட்டித் தட்டிப் பேசினார். காக்கி உடுப்பு. அவர் ஜீப்பால் இறங்கியதும் சனம் இரண்டடி பின்னுக்குப் போனது. வீதியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை மடித்தார், களிக்குள் இறங்கினார். வேலை தெரிந்த மனுசன் வந்து சேர்ந்ததும் அன்றைக்குத்தான்.

நாலைந்து எட்டு வைத்ததும் கால் புதைந்து சரிந்தது. விழாமலிருக்கப் பக்கத்து மரத்தைப் பிடித்தார். மரம் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வேர் இல்லை, சரிவாகக் கத்தி வெட்டு. பக்கத்தில் ஈரம் காயாத குற்றி. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

மச்சாள் முன்னுக்குப் போனாள். தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் காலத்தில் முகாம் வாசலில் நிற்கிற மாதிரி நின்றாள்.

"நான்தான் ஐயா. நட்டதும் நான்தான். பெரியாக்கள் வாறாங்க எண்டா பத்தை வெட்டிறதுதானே எங்களுக்குப் பழக்கம். உடுப்புப் போட்டவங்களுக்குப் பத்தை இரிந்தாப் பிடிக்காதுதானே."

அவர் எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. உடுப்பு என்ற சொல் விளங்கியிருக்கவேண்டும். தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த கொப்பை எடுத்த இடத்திலேயே குத்தி, அவள் செய்த மாதிரியே காலால் மிதித்தார். குற்றிகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு கரை நீளத்துக்கும் நடந்தார். திரும்பி வந்து கை கழுவும்போது, "கண்ணா திரும்ப வரும். கண்டல் வராது" என்றார். அவர் போனபிறகு மச்சாள் கரையில் குந்தி அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு அன்றைக்குச் சத்து இல்லை.

குத்திய கொப்புகள் ஒரு கிழமைக்குள் காய்ந்து கறுத்தன. கண்டல் எல்லாம் செத்தது. மாரி விழுந்த பிறகு கண்ணாக் குற்றிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்தன. பாதிகூட இல்லை. மறுபடி விதை பொறுக்கினோம், மறுபடி பால்மாப் பைக்கட், மறுபடி களி. அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் லொறி ஒன்று வந்து, ஒரு பலகையைக் கரையில் நாட்டிவிட்டுப் போனது. பூங்காக் கதை அதோடு நின்றது. மனுசன் போவதற்கு முன்னால் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மச்சாள் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எழுத்து வாசிக்க வராது.

"என்ன எழுதியிரிக்கி மச்சாள்?"

மூன்று மொழியில் இருந்தது. மேலே பெரிய எழுத்தில், பாதுகாக்கப்பட்ட கண்டல் காடு. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. எல்லாப் பலகையிலும் எழுதுகிற வரிதான். அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் விடவில்லை, கீழே என்ன, கீழே என்ன என்று நின்றாள்.

"இவ்விடத்தைத் துப்பரவாக வைத்திருக்கவும்" என்றேன்.

மச்சாள் பலகையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் முழங்காலளவுக்குத் துளிர்த்து நின்ற கண்ணாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் களியை அள்ளி, அந்தக் கீழ் வரியில் அப்பி, மூன்று மொழியும் மறையும் வரை நன்றாகத் தேய்த்தாள்.

"இப்ப வாசிங்க."

"பாதுகாக்கப்பட்ட கண்டல் காடு."

"அது காணும், போதும்" என்று சொல்லி, கையை ஆற்றில் கழுவிவிட்டு, பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.